நீளத் துவக்கு

எண்பதுகளின் கடைசியில் லண்டன் மனோர் பார்க்கில், ஒரு வீட்டின் மேலறையை என்னைவிட எட்டு வயது இளைய ஒருவனோடு பகிர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவனுக்கு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தை அவன் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன்.

"பொலிஸ்காரன் நீளத் துவக்கால தோளில அடிச்சவன்."

"என்ன துவக்கு?"

"துவக்குத்தான் அண்ணை. அடி வாங்கேக்க பேர் கேக்கிறதே?"

மழை தொடங்கிய நிமிடத்தையும் நாட்குறிப்பில் எழுதுகிறவன் நான். 'நீளத் துவக்கு' எனக்குப் போதவில்லை. அந்தச் சனிக்கிழமை நூலகத்திலிருந்து, பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கான தடித்த கையேடு ஒன்றை எடுத்துவந்தேன். எது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எந்தத் திருகு எப்போது மாறியது, முத்திரை எங்கே குத்தப்பட்டது என்று பக்கம் பக்கமாகப் படங்கள். வரலாறு என்றால் இப்படி எழுத வேண்டும் என்று பூரித்துப்போனேன்.

அவன் ஒரு படத்தில் விரலை வைத்தான். "இதுதான் போல."

அந்தப் 'போல'வை நான் எழுதவில்லை. மாதிரி, ஆண்டு, அடிக்கட்டையின் பித்தளைத் தகடு, குழலின் அடியில் இருந்த முத்திரை எல்லாவற்றையும் சேர்த்தேன். அவன் வாசிக்காமலே கையெழுத்திட்டான்.

மார்ச் மாதத்தில் அவனுடைய வழக்கறிஞரான சொலிசிட்டர் எங்களைக் கூப்பிட்டு உள்துறை அமைச்சின் மறுப்புக் கடிதத்தை வாசித்தார். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. கடிதத்தின்படி, துவக்கின் மரப்பகுதியைக் கழற்றினால் மட்டுமே அந்த முத்திரை கண்ணில் படும். ஆகவே விண்ணப்பதாரர் ஆயுதத்தைக் கையாண்டவர். அடி வாங்கிய பொதுமகன் என்பதை நம்ப முடியாது.

கடிதத்தை வாங்கி அந்த வரியை நானே மறுபடி வாசித்தேன்.

"என்னவாம் அண்ணை?"

சொன்னேன்.

"நான் கழட்டினது சைக்கிள் மட்டுந்தான்."

"நீ படத்தைக் காட்டினனியெல்லே?"

"அவ்வளவு பாரமான புத்தகத்தைப் பஸ்ஸில தூக்கிக்கொண்டு வந்தனீங்கள். ஒண்டையும் காட்டாட்டில் உங்களுக்கு மனம் நோகுமெண்டு..."

மேன்முறையீட்டிலும் தோற்றால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வரி என்னுடையது என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். "நிரூபிக்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார் சொலிசிட்டர்.

நேரே நூலகத்துக்கு ஓடினேன். புத்தகம் அதே தட்டில் இருந்தது. முன்னட்டைக்குள் ஒட்டிய தாளில், நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி ஊதா மையில் குத்தப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படத்தின் கீழே பொடி எழுத்தில்: 'மரப்பகுதி நீக்கப்பட்ட நிலையில்'. அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் வாசிக்கிற நான் அந்த ஒரு வரியை வாசிக்கவில்லை. புத்தகத்தை மறுபடி இரவல் எடுத்தேன். நூலகப் பெண் புதிய தேதியைக் குத்தித் தந்தார்.

புத்தகத்தையும், அதை நான் எடுத்த நாளைக் குறித்திருந்த நாட்குறிப்பையும், நான் செய்ததை எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தையும் ஒப்படைத்தோம். ஏழு மாதம் காத்திருந்தோம். தபால்காரர் கதவைத் தொடும் ஒவ்வொரு காலையும் படியிறங்கி ஓடினேன்.

விசாரணை நாளில் நீதிபதி அவனிடம் கேட்டார், என்ன துவக்கு என்று.

"நீளத் துவக்கு," என்றான். "மரக்கட்டை. வேறொண்டும் தெரியாது."

அவன் இங்கேயே இருக்கலாம் என்று நான்கு வாரங்களில் தீர்ப்பு வந்தது. கடிதத்தைத் தட்டெழுத்தின் கடைசிப் புள்ளிவரை மூன்று தரம் வாசித்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையும் டயறியில எழுதுவியளோ அண்ணை?"

"ஓம், எழுதத்தானே வேணும்."

"எழுதுங்கோ. ஆனால் நான் சொன்னதை மட்டும் எழுதுங்கோ."