தொட்டிலுக்கு அடியில் கறுப்புப் படகுகள்

செத்த மரத்தில் கறுப்பாக எதைக் கண்டாலும் சுரண்டியெடுத்து, அது இன்னார் என்று சொல்வதுதான் என் தொழில். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி நான். மரத்தில் வாழும் நுண்பூஞ்சைகளில் ஹிஸ்டீரியம் என்ற ஒரே பேரினத்தோடு குடித்தனம். கைப்பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு என் பாடு புரியும். நீங்கள் அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். நான் பூஞ்சை வித்துகளைத் துப்பட்டாவில் கொண்டுவந்துவிடுவேனோ என்று பயம். எட்டு மாத மகளுக்குக் கொஞ்ச நாளாக மூச்சில் விசில் சத்தம் வேறு.

நல்ல விறகு வேண்டாம்

தாடிக்கொம்புப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கெட்டியானதைத் தூரப் போட்டேன். உளுத்ததை லென்ஸ் வைத்துப் பார்த்து, காகித உறையில் பத்திரமாக வைத்தேன். தோப்புக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல காய்ந்த கிளையாக ஒரு கட்டு கொண்டுவந்து என் ஸ்கூட்டரில் வைத்தார். எனக்கு உளுத்ததுதான் வேண்டும் என்றேன். வீட்டில் கேஸ் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் கட்டைத் திரும்ப இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏத்தா, இம்புட்டுப் படிச்சும் வெறகு பாக்கத் தெரியலையே."

வாய் திறக்கும்வரை

எங்கள் பூஞ்சை பார்ப்பதற்குக் கரி பூசிய படகு மாதிரி இருக்கும். எள்ளைவிடச் சிறிசு. நடுவில் நீளமாக ஒரு கீறல், அதுதான் வாய். காய்ந்திருந்தால் இறுக்கி மூடிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மெதுவாகத் திறக்கும். உள்ளே பை பையாக, பைக்கு எட்டு வித்து. ஒவ்வொரு வித்துக்கும் குறுக்கே எத்தனை சுவர் என்று எண்ண வேண்டும். பழுப்பு நிறத்தில் மூன்று குறுக்குச் சுவர் இருந்தால் எங்கள் ஆள். நெடுக்கிலும் சுவர் ஓடினால் வேறு வீட்டுப் பிள்ளை.

அந்தப் புளியங்குச்சியில் இருந்தது எங்கள் ஆள்தான். ஆனால் வித்துகள் எந்தப் புத்தகத்து அளவுக்கும் அடங்காமல் பெரிசாக இருந்தன. புது இனமாக இருக்கலாம், இன்னொரு இடத்திலும் கிடைத்தால்தான் பெயர் வைப்பேன் என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கன்னியாஸ்திரி, எங்கள் சிஸ்டர், சொல்லிவிட்டார். நான் அந்த ஒற்றைக் குச்சியையே திரும்பத் திரும்ப நனைத்து, வாய் திறக்கக் காத்திருந்தேன். பக்கத்து மேசை நூர்ஜஹான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒம்மகளுக்குச் சோறு ஊட்டயில இம்புட்டு நேரம் காத்திருப்பியாடி?"

கொல்லை வழி வருகை

பிள்ளை பிறந்து திரும்ப வேலைக்குப் போன நாளிலிருந்து நான் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போவதில்லை. கொல்லைப்பக்கம் போய், உடுப்பை வாளியில் முக்கி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே. அப்புறம் தரைக்குப் பினாயில். தொட்டிலுக்குப் பினாயில். ஜன்னல் ஓரத்துக்கு பிளீச்சிங் பவுடர். விசில் கூடக்கூட நானும் பினாயிலைக் கூட்டினேன். எல்லாம் முடிந்து நான் கையை நீட்டினால் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் இரவு வேலை. பகலெல்லாம் அவர்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். கிளம்பும் அவசரத்தில் அவளை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்:

"ஒன்னய யாரோ விருந்தாளின்னு நெனைக்கிறா, ஸ்டெல்லா."

சொந்தக்காரத் தொட்டில்

தொட்டில் என் நாத்தனார் கொடுத்தது. ரெட்டியார்சத்திரத்தில் அவர்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் பல மழைக்காலம் கிடந்த மரத்தொட்டில். ஒரு நாள் ஈரத்துணியை அதன் மேல் காயப்போட்டுவிட்டு, கீழே விழுந்த கிலுகிலுப்பையை எடுக்கக் குனிந்தேன். அடிக்கட்டையில், என் துணி போகாத இடத்தில், வரிசையாகக் கறுப்புப் படகுகள். ஈரம் பட்டு வாய் லேசாகத் திறந்திருந்தது. என் பிள்ளை படுக்கிற இடத்துக்குக் கீழேயே குடியிருக்கிறது.

சுரண்டி, மருந்து பாட்டில் மூடியில் போட்டு, மறுநாள் சிஸ்டரிடம் கொடுத்தேன். மூன்று சுவர். பெரிய வித்து. சிஸ்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பிள்ளைக்கு இதனால்தான் மூச்சு இழுக்கிறதா என்று கேட்டேன். இரண்டு முறை கேட்ட பிறகு பதில் வந்தது.

"அதை டாக்டர்கிட்ட கேளும்மா. தொட்டிலை மட்டும் கழுவிடாதே."

டாக்டருக்கு ஒரு படம்

வித்துகளின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, பிள்ளையோடு குழந்தை டாக்டரிடம் போனேன். பேரினம், உறையின் அமைப்பு, சுவர் எண்ணிக்கை எல்லாம் சொன்னேன். டாக்டர் படத்தைப் பார்த்தார். பிள்ளையின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். பிறகு அவள் சட்டையை முகர்ந்தார். என் கையையும் காட்டச் சொல்லி முகர்ந்தார். வீட்டில் எத்தனை வேளை துடைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். நர்ஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"இது பாவம், மரத்துல சிவனேன்னு கெடக்கு. நீங்க பினாயில நிறுத்துங்கம்மா."

பெயர் சூட்டல்

நிறுத்தினேன். விசில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சிஸ்டர் ஆள் அனுப்பித் தொட்டிலின் அடிக்கட்டையை அறுத்து எடுத்துக்கொண்டார். அது இப்போது கல்லூரி அலமாரியில், உறைக்குள், புது இனத்தின் ஆதார மாதிரியாக இருக்கிறது. மகள் சேலைத் தூளியில் தூங்குகிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து வந்த நாத்தனார், தொட்டில் எங்கே என்று கேட்டார். மிச்சமிருந்த மூன்று கட்டைகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்:

"எம்பிள்ளைக நாலும் கெடந்த தொட்டிலு, பேரு வச்சது பூஞ்சைக்கா?"

மகளுக்கு மூச்சு இழுத்தபோது அந்தச் சத்தத்துக்குப் பயந்து விழித்திருந்தேன், இப்போது சத்தமே வரவில்லையே என்று எழுந்து எழுந்து தூளியை விலக்கிப் பார்க்கிறேன்.