இடப்பக்கம் கூடிப்போன பாட்டு

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குப் பெரிய கரைச்சல். கொட்டாஞ்சேனையில் ஒரு ரெக்கோடிங் ஸ்டூடியோவில் சவுண்ட் எஞ்சினியர் என்பேன். பாடுவாரா என்பார்கள். இல்லை. வாசிப்பாரா? அதுவும் இல்லை. குரல், வயலின், தபேலா எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து ஒரு பாட்டாகச் சேர்ப்பவர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் பாதிப்பேர் அவரை ரேடியோ திருத்துகிறவர் என்று நினைத்து, பழுதான டோர்ச் லைட்டைக்கூடக் கொண்டுவந்து தந்தார்கள். அந்தப் பாவி மனுசனும் திருத்திக் கொடுத்தார்.

யுத்தம் கொழும்புக்குள்ளும் வந்து வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் அப்பா போன பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் குண்டு வெடித்தது. கொலரெல்லாம் இரத்தத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். இடது காதிலிருந்து வடிந்த இரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்கோ என்று அம்மா அழுதார்.

"போனா காதைப் பற்றி ஆர் கேக்கப்போறான்? யாழ்ப்பாணத்தான் அந்த இடத்தில என்ன செய்தனீ எண்டுதான் கேப்பான்," என்றார் அப்பா.

நியாயம்தான். குண்டு வெடித்த இடத்தில் காயப்பட்ட தமிழனுக்கு அந்த நாட்களில் மருந்துக்கு முன்னால் விசாரணை. அம்மா வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டார். அவ்வளவுதான் வைத்தியம். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

அப்பா அதை வெளியில் மூச்சுவிடவில்லை. ஒரு காது போனவரிடம் எவன் பாட்டைக் கொடுப்பான்? அதற்குப் பதிலாக எனக்கு ஒரு விளையாட்டு வந்து சேர்ந்தது. பின்னேரங்களில் அன்றன்று பதிந்த பாட்டைக் கசெட்டில் கொண்டுவந்து, ஹெட்போனை என் தலையில் மாட்டுவார்.

"எந்தப் பக்கம் கூடக் கேக்குது, பிள்ளை?"

"இடப்பக்கம், அப்பா. வயலின் கத்துது."

மறுநாள் ஸ்டூடியோவில் போய் அந்தப் பக்கத்தைக் குறைப்பார். எனக்கு ஒரே பெருமை. வகுப்பில் வேறு எவளுடைய அப்பா இப்படிப் பக்கத்தில் இருந்து விளையாடினார்?

கோயில் திருவிழாவுக்கு வெளியிட வேண்டிய அம்மன் பாட்டுக் கசெட்டோடுதான் எல்லாம் கெட்டது. கடைசி வேலை நடந்துகொண்டிருந்தபோது ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அப்பாவால் வீட்டுக்கு வர முடியவில்லை. திருவிழாவோ நெருங்கிவிட்டது. பிரதி எடுக்கிறவர்கள் அவசரப்படுத்த, தனக்குக் கேட்டபடியே சமன்செய்து கொடுத்துவிட்டார்.

கசெட் கடைக்கு வந்த பிறகு ஸ்டூடியோ முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புகிற நல்ல முஸ்லிம் மனிதர். அன்று உட்காரக்கூட இல்லை. கசெட்டை எங்கள் ரேடியோ செட்டில் போட்டார். இடப்பக்க ஸ்பீக்கரில் வயலின் அலறியது. பாட்டுக்காரியின் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன்.

"செட்டில ஹெட் ஊத்தையா இருக்கும், முதலாளி. துடைச்சா சரி," என்று அப்பா பஞ்சை எடுத்துக்கொண்டு செட்டுக்கு மேல் குனிந்தார்.

முதலாளி அவருக்கு இடப்பக்கம் வந்து நின்றார். சத்தமாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், நாளக்கி இருந்து வர வாணாம். எனக்கும் வேற வழி இல்ல," என்றார்.

அப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளி பதிலுக்குக் காத்து நின்றார். அப்பா நிமிர்ந்து, "இப்ப போட்டுப் பாப்பம்," என்று சிரித்தார். முதலாளிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஊற்றி வைத்த பிளேன்டீயைத் தொடாமலே மனிதர் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை அப்பா குளித்து, அயன் பண்ணிய சட்டை போட்டு, சப்பாத்துக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சோற்றுப் பார்சல் கட்டினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அம்மா, முதலாளி வர வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்?" என்று மெல்லக் கேட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். அப்பா நிமிரவில்லை.

"போட்டு வாறன்."

"ஓம், கவனமாப் போட்டு வாங்கோ."

அப்பா காலி வீதியைக் கடந்து பஸ் ஏறும்வரை அம்மா யன்னலில் நின்றார். ஏன் சொல்லவில்லை என்று கையைப் பிடித்து உலுப்பினேன்.

"வேலைக்குப் போற மனுசனா இண்டைக்கும் ஒருக்காப் போகட்டும், பிள்ளை."

அது என்ன நியாயம்? அவ்வளவு தூரம் போய் அந்த வாசலில் நிற்கப்போகிறாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபத்தில், அன்று முழுக்க நான் அம்மாவோடு கதைக்கவில்லை.