கேபிளைப் பிடுங்கிய வேல்ராஜ்

வேல்ராஜைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. புளியறை சோதனைச் சாவடியில் அவனும் நானும் போலீஸ்காரர்கள். வைக்கோல் லாரி வந்தால் நாங்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்போம். அவன் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பான். வீட்டில் மனைவி உமாராணி கோயிலுக்குப் போய்வந்தேன் என்றால், எங்கே திருநீறு என்று கேட்பான். அந்த மகராசி எப்படித்தான் பொறுக்கிறாளோ, எனக்கே ஆத்திரமாக வரும்.

இப்படிப்பட்டவன் உயிராக வைத்திருந்தது ஒரு பழைய கையடக்க வீடியோ கேம் கருவி. அவன் அண்ணன் சுந்தரபாண்டியன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. காட்டில் திரியும் விநோதப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற ஆட்டம். அண்ணன் ஒரு ஆமையைப் பிடித்து, குத்தாலம் என்று பெயர் வைத்தார். அதன் விவரத்தைத் திறந்தால், பிடித்தவர் சுந்தர் என்று வரும். பிறகு அவர் எல்லையில் பனிச்சரிவில் போய்ச் சேர்ந்தார். அன்று முதல் வேல்ராஜ் அந்த ஆமையைச் சண்டைக்கே விட்டதில்லை. திறப்பான், பெயரைப் பார்ப்பான், மூடிவிடுவான்.

போன குத்தாலச் சீசனில் அந்தக் கருவி தகராறு செய்தது. தென்காசியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஹுஸைஃபாவிடம் போனோம். கேம் அட்டைக்குள் இருக்கும் பேட்டரி சாகப்போகிறது, மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றார் அவர். அதே ஆட்டத்தின் அடுத்த பாகம் அவரிடம் இருந்தது. ஆமையைக் கேபிள் வழியாக அதற்கு அனுப்பிவிட்டு, பேட்டரியை மாற்றி, மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்றை வாங்க முடியும் என்பது ஆட்டத்தின் விதி. அதற்காக அவர் தன்னுடைய எலி ஒன்றைத் தருவதாகச் சொன்னார்.

வேல்ராஜ் என் காதில், “ஆமைக்கு எலியாம்லே. எவனாவது திருப்பிக் குடுப்பானா?” என்றான்.

அரை மனதோடு சம்மதித்தான். இரண்டு கருவிகளுக்கும் நடுவே கேபிளை மாட்டினார்கள். ஆமை ஒரு குழாய்க்குள் இறங்கி, ஹுஸைஃபாவின் திரைப் பக்கமாக நகர்ந்தது. வேல்ராஜின் முகம் லாரியை மறிக்கும்போது இருப்பது போல் ஆனது. நான் கையைப் பிடிப்பதற்குள் கேபிளைப் பிடுங்கிவிட்டான்.

கருவியை அணைத்துப் போட்டுப் பார்த்தால் அவனிடம் ஆமை இருந்தது. ஹுஸைஃபாவிடமும் அதே ஆமை, அதே சுந்தர்.

“இதுல எது அசலு?” என்றான். போலி பெர்மிட்டைப் பிடித்தவன் மாதிரிக் கேட்டான்.

“ரெண்டும் அசல்தான் அண்ணாச்சி. எனக்குப் பதிவாயிட்டு, உங்களுக்குப் பதிவாகதுக்குள்ள புடுங்கிட்டிய. என் எலிதான் போச்சு.”

எலி எங்கேயும் இல்லை. ஹுஸைஃபா அதைப் பள்ளிக்கூட நாளிலிருந்து வளர்த்தாராம். வேல்ராஜ் அதையும் நம்பவில்லை. பேட்டரியைத் தொடவிடாமல் கருவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஐப்பசி அடைமழையில் அந்தப் பேட்டரி செத்தது. திறந்தான், ஆமையும் இல்லை, அண்ணன் பெயரும் இல்லை. சாவடியில் என் முன்னாலேயே அழுதான்.

மறுநாள் ஹுஸைஃபா கடைக்குப் போனோம். கேட்பதற்கு முன்பே அவர் தன் கருவியைத் திறந்து காட்டினார். குத்தாலம், பிடித்தவர் சுந்தர். புது பேட்டரி போட்டு ஆமையைத் திருப்பி அனுப்புகிறேன் என்று கேபிளை எடுத்தார்.

வேல்ராஜ் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேண்டாம் தம்பி, அங்கனயே இருக்கட்டும். எனக்கு என் கை மேலதான் சந்தேகமா இருக்கு.”