செயலாளருக்கு விலக்கு

ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்த வாரமே எங்கள் சங்கத்துப் பலகையை நாங்களே கழற்றி அடுப்பில் வைத்துவிட்டோம். யாரும் செய்யச் சொல்லவில்லை, பயம்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் தண்டவாளம் தூக்குகிற கூலிகளின் சங்கம் அது. நான் அதற்குச் செயலாளர். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, எழுதப் படிக்கத் தெரியும், வாய் கொஞ்சம் நீளம்.

சங்கம் சாதித்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான். காட்டுக்குள் பாதை பழுதுபார்க்கிற லைன் வேலைக்கு யாரை அனுப்புவது என்பதை முன்பெல்லாம் எங்கள் மேஸ்திரியான மண்டோர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வார். கோழி கொண்டுபோய்க் கொடுத்தவன் ஊரிலேயே இருப்பான், கொடுக்காதவன் காட்டில் மலேரியாவோடு கிடப்பான். சண்டை போட்டு அதை மாற்றினோம். கல்யாணமாகாதவர்கள் முதலில், பிள்ளைகுட்டிக்காரர்கள் கடைசியில் என்று ஒரு முறை வைத்தோம். செயலாளருக்கு மட்டும் விலக்கு. அவனும் காட்டுக்குப் போய்விட்டால் துரையிடம் பேச ஆள் வேண்டாமா?

நாற்பத்து மூன்றில் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட எங்கள் யார்டிலிருந்து இருபது பேர் வேண்டும், மூன்றே மாதம், போகிறவன் வீட்டுக்கு அரிசி உண்டு என்றார்கள். மண்டோர் அன்றைக்கே கோழி எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் போய், எங்கள் முறைப்படி நாங்களே பட்டியல் தருகிறோம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் ஜப்பானிய அதிகாரியிடம் கேட்டோம். அவன் உடனே தலையாட்டினான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து வெளியே வந்து, மரவள்ளிக்கிழங்கைப் பங்கு போட்டுத் தின்றோம். அட மடையர்களா என்று இப்போது கத்தத் தோன்றுகிறது. ஆள் பிடிக்க வந்தவனுக்கு ஆளை வரிசையில் நிறுத்திக் கொடுத்தோம், அதுவும் நியாயமாக.

பட்டியலை நான்தான் எழுதினேன். முறைப்படி என் பெயர் நாலாவதாக வரவேண்டும். செயலாளர் என்பதால் எழுதவில்லை. அதனால் தப்பியிருக்க வேண்டிய ஒருவன் இருபதாவது இடத்துக்கு ஏறினான். விதவை அக்காவோடு லைன் வீட்டில் இருந்தவன், கூட்டத்துக்குக் கூட்டம் என்னை ஏதாவது குடைந்து கேட்பவன். பட்டியலைப் பார்த்துவிட்டு நான் தண்ணீர் பிடித்த குழாயடிக்கே வந்துவிட்டான்.

“சங்கமே இல்லேன்னு சொல்றோம். அப்புறம் செயலாளர் மட்டும் எங்கேருந்துண்ணே வந்தாரு?”

எனக்குக் கோபம் வந்தது. உனக்குப் பயமென்றால் சொல், என் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றேன். அப்படிக் கேட்டால் எவன் பயம் என்று சொல்வான்? தெரிந்துதான் கேட்டேன். அவன் நிறைந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தான்.

“சரி விடுங்க. போறவன் வீட்டுக்காகப் பேச இங்க ஒரு ஆளு வேணும் லா. அக்காவுக்கு அரிசி வரலேன்னா நீங்கதான் கேக்கணும்.”

கேட்கிறேன் என்றேன். அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர்களைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் போயிற்று, ஒருவனும் திரும்பவில்லை. அரிசி ஒரு மாதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவன் விட்ட ஒரே அறையில் பல் போயிற்று. பிறகு ஒரு சிலிப்பர் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பகல் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்த வாசல் பக்கமே போகவில்லை. ஒரு தடவை கூட.

அவனுடைய அக்கா கரி சுமக்க யார்டுக்கே வேலைக்கு வந்தாள். பார்க்கும்போதெல்லாம் அரிசி என்னாயிற்று என்று கேட்பாள். பேசிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்பேன். இரண்டு வருஷம் இதையே சொன்னேன். ஒருநாள் தன் பங்குக் கிழங்கில் பாதியை என் கையில் வைத்தாள். நமக்காகப் பேசுகிற ஆள் தெம்பாக இருக்க வேண்டுமாம். நானும் தின்றேன். பசி.

ஜப்பான்காரன் தோற்றபின் சயாமிலிருந்து மூன்று பேர் திரும்பினார்கள். அவன் இல்லை. வாந்திபேதியில் செத்தானாம். காலெல்லாம் புண்ணாக வந்த ஒருவன் என்னிடம் சொன்னான்: “யாராச்சும் வீட்ட நெனச்சு அழுதா, அவன்தான் தேத்துவான். ‘செயலாளரு அங்க இருக்காரு, பேசிக்கிட்டுதான் இருப்பாரு’ம்பான். சாகற அன்னிக்கும் அதத்தான் சொன்னான்.”

அடுத்த மாதமே சங்கத்தை மறுபடி திறக்க யார்டு ஓரத்தில் கூட்டம் போட்டார்கள். கரி சுமந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். யாரோ என் பெயரைச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் முன்வரிசையில் கரி படிந்த ஒரு கை உயர்ந்துவிட்டது. அவனுடைய அக்கா. மற்றவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துத்தான் கை தூக்கினார்கள். நான் அதைச் சொல்லாமலே உட்கார்ந்தேன். எழுதத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லாததால் தீர்மானத்தையும் நானே எழுதினேன்: செயலாளர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.