குளிர்பெட்டியில் ஒளிர்ந்த பட்டை

ஆய்வகத்தில் அவளுக்கு ‘டார்ச் அக்கா’ என்று பெயர். புற ஊதா விளக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டே அலைவாள். கண்ணில் பட்டதன் மேலெல்லாம் அடித்துப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். வருடக்கணக்கில் மல்லுக்கட்டி அவள் செய்தது விரலகலக் காகிதப் பட்டை. மீன் கெடும்போது கிளம்பும் ஆவி பட்டால், அதில் பூசிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விளக்கடியில் பச்சையாக ஒளிரும்.

மீன் வாங்குவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது பேருந்து ஓட்டும் அவள் கணவனின் நினைப்பு. தன் தங்கை சாப்பிட வருகிறாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மீனாகப் பார்த்து வாங்கிவந்து குளிர்பெட்டியில் வைத்தான். டார்ச் அக்கா சும்மா இருப்பாளா? கூடவே ஒரு பட்டையையும் வைத்தாள். சற்றுப் பொறுத்து விளக்கை அடித்தால், பளிச்சென்று பச்சை!

“என்னங்க, உங்க மீன் கெட்டுப்போச்சு.”

“செவுளைப் பாரு, எப்படிச் சிவந்திருக்கு! அந்தக் காகிதத்துக்கு என்ன தெரியும்?”

“அதுல இருக்கிறதெல்லாம் தனித்தனியா இருந்தா மினுங்காது. ஒண்ணு கூடினாத்தான் வெளிச்சம்.”

“உங்க அக்கா தங்கச்சிங்க மாதிரின்னு சொல்லு.”

“அண்ணி படிச்சவங்க. சொன்னா கேளுண்ணா” என்றாள் அதற்குள் வந்துவிட்ட நாத்தனார். மீன் குப்பைக்குப் போனது. ரொட்டியும் முட்டையும் தின்றார்கள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, ஏதோ உறுத்த, வெறும் பெட்டியில் புதுப் பட்டை ஒன்றை வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒளிர்ந்தது. மீன் வருவதற்கு முன் பெட்டியைத் துடைத்தவள் அவளேதான்; துடைத்த திரவத்தில் அம்மோனியா, அதன் ஆவி பட்டாலும் பட்டை ஒளிரும். மீன் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

பகலெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, மாலையில் அவனிடம் உடைத்துச் சொன்னாள். அவன் நேராகப் போய்த் தங்கைக்குத் தொலைபேசியைச் சுழற்றினான். விஷயம் சொந்தபந்தம் முழுக்கப் பரவியது.

அதன்பின் அவள் ஒரு வழக்கம் வைத்தாள்: மீனுக்கு முன் வெறும் பெட்டியில் ஒரு பட்டை, அது மினுங்காவிட்டால்தான் அடுத்த சோதனை. ஆய்வரங்கில் அதை விளக்கியபோது, “இந்த எண்ணம் எப்படி வந்தது?” என்று ஒருவர் கேட்டார்.

“என் கணவர் வாங்கி வந்த நல்ல மீனைக் குப்பையில போட்டேங்க” என்றாள்.

அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணவன் எழுந்து, நாலாபக்கமும் திரும்பிக் கும்பிட்டான்.