செத்த நேரம் வெளிய நில்லு

என் கை ராசியில்லாத கைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒரே ஆளு எங்க பழைய முதலாளிதான். மத்தவங்க முதுகுக்குப் பின்னால சொல்லியிருப்பாங்க, அதை விடுங்க. இந்த மனுசன் எதிர்ல உக்காந்து டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு. அதுக்கு நான் என்ன செஞ்சேன்னு இப்பச் சொல்றேன். செஞ்சதுக்கு வருத்தப்படுறியான்னு கேட்டா, இல்லை. நெனச்சா இன்னிக்கும் வயிறு குளுகுளுன்னு இருக்கு.

திண்டுக்கல் டவுன்ல ஒரு பாத்திரக்கடை மாடியில எங்க ஆபீஸ். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சாமி படம் வைக்க ஒரு அலமாரி. முதலாளி தொண்ணூறுகள்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினவரு. ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு ஆனதும் மெஷினை மாத்திக்கிட்டு, பிறகு கடைக்காரங்களுக்கு வெப்சைட் போட்டுக் குடுக்க இறங்கினாரு. நான் எரியோட்டுல இருந்து தெனம் பஸ் ஏறி வருவேன். ப்ளஸ் டூ லீவுல அவருகிட்டதான் டைப்பிங் படிச்சேன், காலேஜ் முடிச்சிட்டு அவருகிட்டயே வேலைக்கும் சேந்தேன்.

அப்பல்லாம் புது சைட்டுன்னா பழைய சைட்டை அப்படியே காப்பி பண்ணிப் பேரை மாத்துறதுதான். ஒரு பிரியாணிக் கடை சைட்டுல கீழ் மூலையில "மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது"ன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி போட்டது ஒரு ஸ்கூல் சைட்டு. கடைக்காரரு வந்து கத்திட்டுப் போனாரு. இந்தக் கூத்து வேணாம்னுதான் நான் தேடிப் படிச்சேன். ரெண்டாயிரத்து அஞ்சாறு வாக்குல, சைட்டு கட்டுறதுக்குன்னே புதுசா ஃப்ரேம்வொர்க்குன்னு வந்துச்சு. கம்ப்யூட்டர்ல கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல்ல ஒரே ஒரு வரி அடிச்சு ப்ராஜெக்ட் பேரைக் குடுத்தாப் போதும், அது பாட்டுக்கு ஃபோல்டர் மேல ஃபோல்டரா போட்டு, எது எங்க இருக்கணுமோ அங்க வெச்சு, சைட்டுக்கு ஒரு முகப்பும் வெச்சுக் குடுத்துரும். பிறகு நம்ம வேலையை அதுக்குள்ள செய்ய வேண்டியதுதான்.

முதலாளிக்கு நான் அதைச் செஞ்சு காட்டினேன். வரிவரியா ஓடுறதை வாயைப் பொளந்து பாத்தாரு. "ஏ தாயி, இது வாசக்கால் வைக்கிற மாதிரில்ல இருக்கு!"ன்னாரு. அந்த உவமையைச் சொன்னாரு பாருங்க, அன்னிக்குப் பிடிச்சது எனக்குச் சனி.

வாசக்கால்னா சும்மா வைக்க முடியுமா? நாள் பாக்கணும், நல்ல நேரம் பாக்கணும். அதுல இருந்து ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், அடியில ஒரு எலுமிச்சம்பழம், சூடம். அந்த ஒரு வரியை நல்ல நேரத்துல அடிக்கணும். மொத ப்ராஜெக்ட் ஒரு டைல்ஸ் ஷோரூமுக்கு. நான்தான் அடிச்சேன். சைட்டு அருமையா வந்துச்சு. ஆனா ஷோரூம்காரங்க அண்ணன் தம்பி சண்டையில கடையையே மூடிட்டாங்க.

அதே சமயத்துலதான் எனக்கு நிச்சயம் பண்ணின கல்யாணமும் நின்னு போச்சு. மாப்பிள்ளை வேற ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். நல்லதாப் போச்சு, தாலி கட்டினப்பறம் போயிருந்தா என்ன செய்றதுன்னு எங்கம்மா சாமிக்குத் தேங்கா உடைச்சாங்க. நான் லீவு முடிஞ்சு ஆபீஸுக்கு வந்தா, முதலாளி ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு வெச்சிருக்காரு.

"தப்பா எடுத்துக்காத தாயி. உன் கை ராசியில்லாத கை. நீ தொடங்கினது எதுவும் நிக்க மாட்டேங்குது. இனிமே தொடங்குறதை மட்டும் வேற ஆளு செய்யட்டும், மத்த வேலையை நீ பாரு."

வேற ஆளு யாருன்னு கேக்குறீங்களா? அவரு மச்சினன். குஜிலியம்பாறையில உரக்கடை வெச்சிருக்கவரு. அவரு கை பட்டா பட்ட மரமும் துளிர்க்குமாம். பொட்டாஷ் மூட்டை தூக்கின கையால, ஒத்தை விரல்ல, எழுத்தெழுத்தாத் தேடித் தேடிக் குத்துவாரு. நான் ஒரு துண்டுச் சீட்டுல அந்த வரியை எழுதிக் குடுக்கணும். குடுத்துட்டு அங்க நிக்கவும் கூடாது. "செத்த நேரம் வெளிய நில்லு தாயி. முடிஞ்சதும் கூப்பிடுறேன்"பாரு முதலாளி. நான் மாடிப்படியில நிப்பேன். கீழ பாத்திரக்கடையில வேலை பாக்குற பொண்ணுங்க அண்ணாந்து பாத்து, "என்னக்கா, இன்னிக்கும் பூசையா?"ன்னு சிரிக்கும். உள்ள சூடம் காட்டி, சக்கரைப் பொங்கலைத் தின்னுட்டு, மச்சினன் ஏப்பம் விட்டுக்கிட்டுக் கெளம்புவாரு. பிறகு எனக்கு உத்தரவு வரும். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் இதே கூத்துதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார்னு எங்கம்மா சொல்லும். ஆளுறாங்களோ என்னமோ, எனக்கு வயிறுதான் எரிஞ்சுச்சு.

இப்படி இருக்கையில டவுன்ல கல்யாணத் தகவல் நிலையம் நடத்துற ஒரு அம்மா வந்தாங்க. நல்ல கனத்த குரலு, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. பொண்ணு, மாப்பிள்ளை விவரத்தைக் கம்ப்யூட்டர்லயே தேடுற மாதிரி சைட்டு வேணும்னாங்க. எங்க ஆபீஸ் வாழ்க்கையிலயே அதுதான் பெரிய வேலை. முதலாளிக்குக் கைகால் ஓடலை.

ஆனா வந்தது ஆடி மாசம். ஆடியில எவனாச்சும் புதுசா ஒண்ணைத் தொடங்குவானா? அந்தம்மாவுக்கோ ஆவணி பொறந்தா முகூர்த்தம் வரிசை கட்டி நிக்கும், அதுக்குள்ள சைட்டு ஓடணும். முதலாளி யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. "வேலையை இப்பவே செஞ்சு முடிச்சிரு தாயி. ஆனா தொடங்க வேணாம். தொடக்கத்தை ஆவணி மொத வெள்ளிக்கிழமை வெச்சுக்குவோம்."

"சார், தொடங்காம எப்படிச் செய்றது? அந்த வரியை அடிச்சாத்தானே ஃபோல்டரே வரும்?"

"நீ அடிக்கிறது கணக்குல இல்லைம்மா."

அம்புட்டுதான். கணக்குல இல்லையாம். நானும் கணக்குல இல்லாத ப்ராஜெக்டைத் தொடங்கி, ஆடி பூரா உக்காந்து செஞ்சேன். நட்சத்திரம் பொருத்தம் பாக்குறது, படிப்பை வெச்சுத் தேடுறது, போட்டோ ஏத்துறது, எல்லாம். சொல்லக்கூடாது, அழகா வந்துச்சு. தெனம் சாயங்காலம் ஒரு காப்பியைப் பென்டிரைவ்ல எடுத்துப் பைக்குள்ள போட்டுக்குவேன். கரண்டு நம்ம ஊர்ல சொல்லிட்டா போகுது?

பூசைக்கு மொத நாளு முதலாளிகிட்ட விவரமாச் சொன்னேன். "சார், நாளைக்கு உங்க மச்சினன் அதே பேர்ல திரும்ப அடிச்சா, இருக்கிறது மேலயே புதுசா எழுதிரும். செஞ்சது போயிரும். பூசைக்கு மட்டும் வேற ஒரு பேர் குடுத்து அடிக்கச் சொல்லுங்க."

"வேற பேர்ல தொடங்கினா அது வேற எவன் ப்ராஜெக்டோ? நல்ல காரியம் நடக்கப் போறப்ப நொட்டை சொல்லாத. உனக்குத்தான் எதுவும் நிலைக்கலை, அடுத்தவனுக்காச்சும் நிலைக்கட்டும்."

அந்த ஃபோல்டரைத் தூக்கி வேற இடத்துல வைக்க ஒரு நிமிசம் ஆகாது. வைக்கத்தான் இருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டப்பறம் கையை எடுத்துட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, இனி உங்க பாடு, உங்க மச்சினன் பாடுன்னு பையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டேன். பென்டிரைவ் பைக்குள்ளதான் இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை காலையில ஆபீஸ் பூரா மல்லிகைப்பூ வாசம். தகவல் நிலையத்து அம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாங்க. மச்சினன் வெள்ளை வேட்டி சட்டையில மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருந்தாரு. சூடம் ஏத்தினாங்க. "செத்த நேரம் வெளிய நில்லு தாயி"ன்னாரு முதலாளி. அந்தம்மா முன்னாடியே சொன்னாரு. அவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் படிக்கு வந்துட்டேன்.

கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு. மச்சினன் குத்துற சத்தம் கேட்டுச்சு. பிறகு சத்தம் நின்னுச்சு. "மச்சான், ஏற்கனவே இருக்கு, மேல எழுதவான்னு கேக்குது. எஸ்ஸா, நோவா?"

"நல்ல நேரத்துல நோன்னு சொல்லுவாங்களாடா மாப்ளே! எஸ் போடு."

"அடுத்ததும் கேக்குது மச்சான்."

"எது கேட்டாலும் எஸ் போடு. இல்லைங்கிற பேச்சே இருக்கக்கூடாது."

டொக். டொக். டொக். ஒவ்வொரு கோப்பாக் கேட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் எஸ் போட்டாரு. நான் படியில நின்னு சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டேன், சிரிப்பு வெளிய கேட்டுறக் கூடாதேன்னு. ஆடி பூரா பாத்த வேலை அங்க அழியுது, எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

பொங்கல் எல்லாம் தின்னு முடிச்சு, "இப்பப் பாருங்கம்மா உங்க சைட்டை!"ன்னு முதலாளி திறந்திருக்காரு. திறந்தா, ஃப்ரேம்வொர்க்கோட வரவேற்புப் பக்கம் இங்கிலீசுல பல்லை இளிக்குது. பொண்ணையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம். இங்க அமுக்குறாரு, அங்க அமுக்குறாரு. கடைசியில, "தாயி! ஏ தாயி! ஓடியா!"ன்னு கத்தினாரு.

நான் வாசப்படியில வந்து நின்னேன். காலை உள்ள வைக்கலை.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து சரி பண்ணு!"

"நான் எப்படி சார் தொடுறது? என் கை ராசியில்லாத கையாச்சே. நல்ல நேரம் இன்னும் முடியலை. நான் தொட்டு இந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆகிட்டா?"

தகவல் நிலையத்து அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்தாங்க. "ராசியில்லாத கையா? என்னா கதை அது?"

முதலாளி வாயைத் திறக்கிறதுக்குள்ள நானே சொன்னேன். நிச்சயம் நின்னது, டைல்ஸ் கடை மூடினது, நான் படியில நின்னது, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. கோவத்துலதான்.

அந்தம்மா கேட்டுட்டு முதலாளியைப் பாத்தாங்க. "ஏனய்யா, நிச்சயம் முறிஞ்சாப் பொண்ணுக்குக் கை ராசி போயிருமா? எங்கிட்ட வர்றதுல பாதி முறிஞ்சு வந்த சம்பந்தந்தான். அவுகளுக்கெல்லாம் ராசி இல்லைன்னா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். இந்தச் சைட்டு எனக்கு எதுக்கு?" எந்திரிக்கப் போனாங்க.

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. "அம்மா, அம்மா, உக்காருங்க. தாயி, நீதான் தாயி செய்யணும். உன் கைதான் ராசியான கை."

பச்சோந்தி கூட இம்புட்டு வேகமா மாறாது. நான் கடியாரத்தைப் பாத்தேன். "செய்றேன் சார். ஆனா பத்தரை ஆகட்டும்."

"பத்தரையா? வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்ல!"

"ஆமா சார். அதுக்குத்தான் நிக்கிறேன்."

அந்தம்மா வயிறு குலுங்கச் சிரிச்சாங்க. முதலாளி அவங்களையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. வேற வழி இல்லை. பத்தரை அடிச்சதும் வலது காலு இடது காலுன்னு பாக்காம உள்ள போனேன். மானிட்டருக்கு அடியில இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமா வெச்சேன். உக்காந்துட்டுத் திரும்பினேன்.

"செத்த நேரம் வெளிய நில்லுங்க சார். உங்க மச்சினனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

போனாரு. ரெண்டு பேரும் படிக்குப் போனாங்க. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கீழ இருந்து ஒரு பொண்ணு கேட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "என்ன சார், இன்னிக்கு நீங்களா?"

பென்டிரைவைச் சொருகி, இருந்ததை எடுத்துப் பழைய இடத்துல போட்டேன். அந்தம்மா தன் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்கு நட்சத்திரம் போட்டுத் தேடினாங்க, வரிசையா வந்துச்சு. "அட்டகாசம்"ன்னாங்க. டீ ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சு போச்சு.

பிறகு எலுமிச்சம்பழத்தை வெட்டினேன். பொங்கலுக்கு வாங்கின சக்கரை மிச்சம் இருந்துச்சு. ரெண்டு டம்ளர் ஜூஸ் போட்டு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். அந்தம்மா எனக்கு எந்த ஊரு, அப்பா என்ன வெள்ளாமை பண்றாருன்னு எல்லாம் கேட்டாங்க. நிதானமாப் பேசிக்கிட்டு இருந்தோம்.

நடுவுல கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. "தாயி, முடிஞ்சிருச்சா? உள்ள வரலாமா?"

"இன்னும் செத்த நேரம் நில்லுங்க சார்"ன்னேன். ராகு காலம் முடிய பன்னெண்டு ஆகும். பன்னெண்டு அடிச்சப்பறந்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.