சிவப்புத் தரை

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்; குடும்பத்துக்கொரு அறை, முன்னால் திண்ணைபோல ஒரு இஸ்தோப்பு. இஸ்தோப்பு மூலையில்தான் அம்மா சமைப்பாள். விறகு ஈரமென்றால் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே சாப்பிடுவோம். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா அந்த மூலையை நல்லதொரு குசினியாக்கக் கிளம்பினார். காரணம் அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. டயகமவில் கட்டிக்கொடுத்திருந்தது. வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, இருக்கிற சாமியையெல்லாம் வேண்டி, கடைசியில் உண்டாகியிருந்தாள். தாய் தகப்பன் இல்லாததால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புகை பட்டால் விடாமல் இருமினாள்.

அப்பா தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டு, கட்டட வேலையில் மிஞ்சிய சீமெந்தை வாங்கி வந்தார். இடுப்புயரத்துக்கு அடுப்புமேடை எழும்பியது. புகை போகத் தகரக் குழாய் ஏறியது. தரைக்குச் சிவப்புச் சாயம் கலந்து பூசி, போத்தல் அடியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்தார். லயத்துப் பெண்கள் வந்து பார்த்து, கால் வைக்கக் கூசி வாசலிலேயே நின்றார்கள்.

பிறகு சட்டங்கள் வந்தன. மண்ணெண்ணெய்ப் போத்தலும் கத்தியும் உயரத் தட்டுக்குப் போயின. அடுப்பைச் சுற்றிக் கரியால் ஒரு கோடு போட்டு, அதை நான் தாண்டினால் காலை ஒடிப்பதாக அறிவித்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகாமல் அடுப்புப் பக்கம் போகக்கூடாது.

"வயித்துல இருக்கதுக்கும் சேத்து ஒரு கோடு போட்டுருங்கண்ணே" என்று அத்தை சிரித்தாள்.

ஆனி மாத மழை விடாமல் அடித்த ஒரு மத்தியானம், அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தாள். தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்தும் இடுப்புச் சாக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டிக் குசினித் தரையில் தேங்கியது.

"யாராச்சும் வழுக்கிருவாங்க மதினி, இருங்க" என்று துணியை எடுத்துக்கொண்டு அத்தை வந்தாள். வழுக்கியது அவளுக்குத்தான். பக்கவாட்டில் விழுந்தாள். அம்மா ஓடிவந்து தூக்கினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கையை வயிற்றிலிருந்து எடுக்கவேயில்லை. பொழுது சாய்வதற்குள் வலி கண்டது. தோட்டத்து லொறியில் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டயகமவிலிருந்த மாமாவுக்குச் சொல்லியனுப்பி, அவரும் வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

சில நாள் கழித்து அத்தை வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"பாப்பா எங்க?" என்றேன்.

"சாமிகிட்ட போயிருச்சு" என்று சொல்லி, அம்மா என்னை இழுத்து அப்பால் நிறுத்தினாள். போன இடத்திலிருந்து எப்போது வரும் என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. உளியும் சுத்தியலுமாகக் குசினியில் குந்தி, அந்தச் சிவப்புத் தரையை அங்குலம் அங்குலமாகக் கொத்தத் தொடங்கினார். லயத்தில் யாருக்கும் இல்லாத தரை அம்மை வார்த்த முகம்போல் ஆவதைப் பார்த்து நான் ஓவென்று அழுதேன்.

"விடுங்கண்ணே. பாத்துப் பாத்துப் போட்டது" என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை.

அப்பா நிமிரவில்லை. "நெருப்பத்தாம்மா பாத்தேன். தரையப் பாக்கலியே" என்றார். உளிச் சத்தம் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்து வீரிட்டது. அத்தை சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். அழுகையோடு அவள் மடியில் போய் விழுந்தேன். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"மழையில நின்னீங்களா அத்தே?"

"ஆமாடா கண்ணு."

ஓடிப்போய்த் துவாயை எடுத்துவந்து துடைத்துவிட்டேன். குழந்தை அழுதுகொண்டேயிருந்தது. துடைக்கத் துடைக்க ஈரம் மறுபடியும் ஊறிவந்தது. கூரைத் தகரம் எங்கேயோ ஒழுகுகிறதென்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.